குப்புறக் கிடந்த ரொட்டி

தலைவரின் பிறந்தநாளன்று அவர் முகம் பதித்த ரொட்டிதான் சுட வேண்டும் என்று ஒரு பாழாய்ப்போன உத்தரவு. ஒகுல்பீபியும் சுட்டாள். தெருக் கண்காணிப்பாளர் அன்னாகெல்தி வந்து விரிப்பில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"பிச்சு வைங்கக்கா, பசிக்குது."

விருந்தாளிக்கு வீட்டுக்காரிதான் பிய்த்துத் தர வேண்டும். எங்கே பிய்ப்பது, மூக்கிலா, கன்னத்திலா? தலைவர் படமுள்ள செய்தித்தாளைக் கிழித்ததற்காகப் பிடித்துக்கொண்டு போன பக்கத்து வீட்டுக்காரன் இன்னும் திரும்பவில்லை.

"என்னக்கா, ஆறிடப் போகுது."

ரொட்டியைக் குப்புற வைப்பது பாவம் என்று கேட்டு வளர்ந்தவள், மனதுக்குள் ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதைத் திருப்பிப் போட்டுப் பிய்த்தாள்.

அன்னாகெல்தி ஒரு துண்டை ஆற அமர மென்று விழுங்கினார். பிறகு நோட்டை எடுத்தார்.

"தலைவரையே குப்புறத் தள்ளிட்டீங்களேக்கா. முழுப் பேரச் சொல்லுங்க."