அந்த முனகல் இருக்கட்டும்

1

நன்றி சொல்வதற்காக எழுத உட்கார்ந்த கதை இது. ஓர் ஆளுக்கு நன்றி சொல்வது சுலபம். நேரில் போய்ச் சொல்லிவிட்டு, கொடுத்ததைக் குடித்துவிட்டு வந்துவிடலாம். நான் நன்றி சொல்ல வேண்டியது ஒரு கோளாறுக்கு. அதன் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. அதனால்தான் உங்களைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம் இது: ‘கண்ணாடிக் குழாய்களுக்குள் சின்னஞ்சிறு அந்திவானங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து…’

என் மனைவி படித்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் வால்வு சூடானதைத்தானே சொல்ல வருகிறீர்கள் என்று கேட்டாள். அடித்துவிட்டேன். (வாக்கியத்தை. தமிழில் இந்த இடத்தை விளக்காமல் விடக்கூடாது.)

2

அவளுக்கு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மாலையில் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பாட்டுப் போடுகிறவள். போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, காதில் ஒரு விசில் தங்கிவிட்டது. குக்கர் ஆவி விடுவதற்கு முன்னால் மெல்லிசாகக் கீச்சிடுமே, அதுபோல, நிற்காமல். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் போகும் என்றும் சொல்ல முடியாது, பழகிக்கொள்ளுங்கள் என்றார்.

பாட்டு நின்றது. எங்கள் பழைய ஆம்ப்ளிஃபயரில் ஒவ்வொரு ‘ஸ’வும் ஊசியாகக் குத்துகிறது என்றாள். பிறகு அவள் வீட்டுக்கு வருவதே குறைந்தது. விடுப்பு எடுப்பவர்களின் ஷிஃப்டையெல்லாம் தானே வாங்கிக்கொண்டாள். ஏன் என்று கேட்டால், ஆள் இல்லை என்பாள்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகத்தை வைத்தால் கதை விறுவிறுப்பாகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எழுதியும் பார்த்தேன்: ‘ஒருவேளை அங்கே வேறு யாராவது…’ அதற்கு மேல் பேனா நகரவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டதோ என்று நினைத்தேன். அதை அடிக்கப் போவதில்லை. அந்த வீட்டில் தனியாகச் சாப்பிட்டவன் அப்படித்தான் நினைப்பான்.

3

அவளுடைய தம்பி லிஃப்ட் மெக்கானிக். வால்வு என்கிற கண்ணாடிக் குழாய்கள் சூடேறிப் பாடும் ஆம்ப்ளிஃபயர் என்றால் அவனுக்கு உயிர். ஆனால் அவன் குழந்தை நடக்க ஆரம்பித்து, மின்னுகிற கண்ணாடியை நோக்கி நேராகப் போயிற்று. கொதிக்கும் வால்வைப் பிள்ளை தொடுவதற்கு முன் இது வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று அவன் மனைவி சொல்லிவிட்டாள். இரும்புப் பெட்டி போல் கனக்கும் அதைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க எங்கள் மாடிக்கு வந்தான். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

லேசாக முனகுகிறது, ஒருநாள் வந்து சரிசெய்து தருகிறேன் என்றான். எங்கள் பழையது அலமாரி மேல் ஏறியது.

இங்கே நான் ஒலியை வர்ணித்தாக வேண்டும். இந்த விஷயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் தேன், பட்டு என்று இறங்கிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். போட்டவுடன் பாடாது, சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். தூசி வறுபடும் வாசனை வரும். அப்புறம் வந்த குரலில் விளிம்பு இல்லை. ‘ஸ’ குத்தவில்லை. வேலைக்கு நடுவே எட்டிப் பார்த்தவள் உட்கார்ந்துவிட்டாள்.

பாட்டு முடிந்தது. ஸ்பீக்கரில் அந்த முனகல் மட்டும், கொஞ்சம் இரைச்சல் கலந்து, ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க எழுந்தேன்.

“அணைக்காதீங்க,” என்றாள்.

“பாட்டு முடிஞ்சிருச்சே.”

“இந்தச் சத்தம் இருந்தா விசில் தள்ளிப் போயிருது. பக்கத்துத் தெருவுல கேக்குற மாதிரி இருக்கு.”

அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னாள். பரிசோதனைக் கூடத்தில் இரத்தத்தைச் சுழற்றும் இயந்திரம் நாள் முழுக்க இரைகிறது. அங்கே விசில் அமுங்கிவிடுகிறது. வீட்டு அமைதியில்தான் அது எழுந்து நிற்கிறது. வீட்டுக்கு வரவே பயமாக இருந்தது என்றாள். என்னால்தான் என்று நினைத்தேன் என்றேன்.

“உங்களால வர்ற சத்தம் பத்தலைங்கிறதுதான் பிரச்சனையே,” என்றாள்.

எத்தனையோ நாள் கழித்து இருவரும் சிரித்தோம்.

4

(மச்சினனைப் பற்றிய இந்தப் பகுதியை முதல் வரைவில் விட்டிருந்தேன். அவனை மந்திரவாதியாகக் காட்டிவிடுவேனோ என்ற பயம்தான். ஆனால் நடந்தது நடந்ததுதான்.)

விடுமுறை நாளில், நாங்கள் இருவரும் வெளியே போயிருந்தபோது, சொன்ன வாக்கைக் காப்பாற்ற வந்தான். சாவி அவனிடமும் உண்டு. நாங்கள் திரும்பியபோது ஆம்ப்ளிஃபயரை மூடிவிட்டு, பாட்டும் போட்டு, பெருமையாக நின்றான். உள்ளே ஒரு வயர் டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிப் போயிருந்தது, தள்ளிவைத்தேன், முனகல் சுத்தமாகப் போய்விட்டது என்றான்.

பாட்டு முடிந்தது. துளிச் சத்தம் இல்லை. அவள் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது.

தம்பிக்கு அவள் காது விஷயம் தெரியாது. நான் சொல்லத் தொடங்கினேன். அவளே வந்து மிச்சத்தைச் சொன்னாள். அவன் முழுவதையும் கேட்டான். பிறகு பிளக்கைப் பிடுங்கி, ஆறட்டும் என்று சொல்லி, ஆறியதும் பெட்டியைக் கவிழ்த்துத் திருகுகளைக் கழற்றினான்.

“ஆபத்து ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டேன்.

“வெறும் வயர்தான் மாமா. நான் பாத்துக்கிறேன்.”

வயரைக் கொஞ்சம் நகர்த்துவான், நிமிர்த்துவான், போடுவான். வந்த முனகல் அதிகம் என்பாள். அணைத்து மறுபடி கவிழ்ப்பான். கோளாறுகளை நீக்கியே சம்பளம் வாங்குகிறவன், வியர்க்க வியர்க்க ஒரு கோளாறை அதன் பழைய இடத்திலேயே வைக்கப் பாடுபட்டான். அக்கா தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னும் கொஞ்சம் கம்மி. ம்… இதுதான்.”

அவன் கடைசித் திருகை முடுக்கும்போது மூக்கை உறிஞ்சினான். தூசி என்றான்.

5

முடிவுகளுக்கு வருவோம். விசில் ஒரு காலையில் மாயமாகிவிட்டது என்று ஒன்று எழுதினேன். பொய். முனகலே ஒரு சங்கீதம் என்று தத்துவமாக இன்னொன்று. அது பொய்யைவிட மோசம். நிஜத்தில் விசில் இருக்கிறது. அவள் மற்றவர்களின் ஷிஃப்டை விட்டுவிட்டாள். மாலையில் வருகிறாள்.

எப்படி முடிக்கட்டும் என்று அவளிடமே கேட்டேன்.

“என் காதுல முடியாதது உங்க கதையில மட்டும் ஏன் முடியணும்?” என்றாள்.

 ஆகையால் முடிவை உங்களிடம் விடுகிறேன். பாட்டு ஓய்ந்த பிறகும் ஒருத்தி எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறாள். அந்த நேரத்துக்கு என்ன பெயர், அது எவ்வளவு நாள் நீடிக்கும் என்பதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டே அங்கே இருக்க முடியாது என்பதால், நான் பேனாவை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்காரப் போகிறேன்.