சுவர்ப் பக்கம்

மாத்தளை மாவட்டத்து ஆண்குலம் முழுமைக்கும் இத்தால் அறியத்தருவது: நீரிழிவினால் நலிவுற்ற ஆண்மையை மீட்டெடுக்கும் மாபெரும் மருத்துவ ஆய்வு, பேராசிரியர் ஒருவரின் முக்கால் மணி நேர உரையுடன் இனிதே ஆரம்பமாகிவிட்டது.

உரையைக் கேட்கக் கிளினிக் மண்டபத்துக்கு வந்த இருபத்தேழு பேரில் ஒருவருக்கும் அந்தக் குறை இல்லை. எல்லோரும் கால் எரிச்சலுக்குக் காட்ட வந்தவர்கள். டிராக்டர் உதிரிப்பாகக் கடை ஜவாஹிரும் அப்படித்தான்.

“நாநா, நீங்களும் காலா?” என்றார் பக்கத்துக் கதிரையிலிருந்த றம்ஸி.

“ஓ, ரெண்டு காலும்.”

“எனக்கு ஒன்னுதான்” என்று றம்ஸி பெருமையோடு சொன்னார்.

ஜவாஹிருக்கு ஐம்பத்தாறு வயது. சீனி வருத்தம் வந்து பதினொரு வருடம். நான்கு வருடங்களாகக் கட்டிலில் சுவரைப் பார்த்தே படுக்கிறார். முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் மனைவி ஸுலைஹாவின் மூச்சு கேட்கும். பவுடர் வாசம் வரும். திரும்பினால் ஏதாவது எதிர்பார்ப்பாளே என்று பயம். திரும்பாவிட்டால் எதிர்பார்ப்பதையே விட்டுவிடுவாளோ என்றும் பயம். அந்த ஒரு சாண் மாவட்டத்தின் கோடியிலிருக்கும் வில்கமுவையை விடத் தூரமாகிவிட்டது. அங்கேயாவது நாளுக்கு இரண்டு பஸ் போகும்.

ஆய்வில் சேர மனைவியும் ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். கணவர் பார்க்காமல் நிரப்பி, உறையை ஒட்டித் தர வேண்டும். ஒன்பது நாள் அதைக் கடைப் பைக்குள் வைத்துக்கொண்டு அலைந்த ஜவாஹிர், பத்தாம் நாள் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

“என்ன இது?”

“சீனிக் கிளினிக்ல குடுத்தாங்க. நீ நெரப்பணுமாம்.”

ஸுலைஹா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை வாசித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இதுக்கா இவ்ளோ நாளும் பைய கட்டிப் பிடிச்சிட்டுத் திரிஞ்சீங்க?”

அறைக்குள் போய் இருபது நிமிடம் இருந்தாள். ஒட்டிய உறையைத் தந்துவிட்டு, யட்டவத்தையில் ஒரு கலியாண வீட்டுக்குப் புறப்பட்டாள். ஜவாஹிர் கேத்தலை அடுப்பில் வைத்தார். தேநீருக்கல்ல, ஆவிக்கு.

பேராசிரியரின் பதினெட்டுக் கேள்விகளில் ஒன்றுக்கும் அவள் விடை எழுதியிருக்கவில்லை. ‘ஏனைய குறிப்புகள்’ என்ற இடத்தில் மட்டும் எழுத்து இருந்தது:

“மருந்து குடுக்குறது உங்க வேல. முதல்ல இவர இந்தப் பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லுங்க. நாலு வருஷமா முதுகத்தான் பாக்குறேன். பேசிக்கிட்டாவது கெடக்கலாமே.”

மறுநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஸுலைஹா சற்றுச் சாய்ந்தாள். ஜவாஹிரும் போய்ப் படுத்தார், சுவருக்கு முதுகைக் காட்டி. அவளுடைய இடது புருவத்தில் இரண்டு நரை. எப்போது வந்தவை என்று அவருக்குத் தெரியவில்லை.

“உறைய ஒடச்சிட்டீங்க.”

“ஓ.”

“தெரியும். கேத்தல் மூடியெல்லாம் பசை.”

அவர் கேட்டார்: “மாத்திர வேல செய்யலன்னா?”

“மாத்திரய யாரு கேட்டா? கலியாண வீட்டுல என்ன நடந்திச்சுன்னு கேளுங்க.”

கேட்டார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அவள் சொன்னாள்.

திங்கட்கிழமை இருவரும் சேர்ந்தே கிளினிக்குக்குப் போனார்கள். இரத்தத்தில் சீனி மிக அதிகம் என்று ஜவாஹிரை ஆய்வில் சேர்த்துக்கொள்ளவில்லை.