பின்னட்டையில் இருநூறு பாம்புகள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருடமாக லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவர், ஒரு பாம்பு பிடிக்கிறவனைக் கதாநாயகனாக வைத்து நாவல் எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. வினை பின்னட்டையில்தான் தொடங்கியது.

ஆசிரியர் குறிப்பு வேண்டும் என்றதும் கண்ணாடிக்காரர் உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டு போனார். தொழில், மனைவி, ஒரே மகள், ஞாயிற்றுக்கிழமையானால் நூலகம். பதிப்பாளர் அம்மாள் படித்துவிட்டுத் தாளை மேசையில் போட்டாள்.

"சார், வேலைக்கு விண்ணப்பம் போட்ட மாதிரி இருக்கு. கடையில புத்தகத்தைத் திருப்பிப் பாக்குறவன் அரை நிமிஷம்தான் பாப்பான். அதுக்குள்ள, இந்த ஆளுக்கு விஷயம் தெரியும்னு நம்பணும். நீங்க நேர்ல பாம்பு பாத்திருக்கீங்களா?"

"ஒரு தடவை. பஸ்ல போகும்போது."

அவள் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தாள். 'இருநூறுக்கும் மேற்பட்ட பாம்புகளை வெறுங்கையால் பிடித்தவர்.' கண்ணாடிக்காரர் அந்த வரியை இரண்டு தரம் படித்தார்.

"யாராவது கேட்டா என்னம்மா சொல்றது?"

அதற்கும் அவளிடம் மருந்து இருந்தது. 'அடக்கம் காரணமாக இதை ஒப்புக்கொள்ள மறுப்பவர்.' "இல்லவே இல்லைன்னு சொல்லுங்க. அந்த வரி பாத்துக்கும்."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்திலேயே அட்டைப்படம் கிடந்தது, அதில் அவர் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. மனிதர் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

போதாக்குறைக்கு, குடியிருப்பில் வீட்டுக்கொரு பிரதி வேறு கொடுத்தார். அன்றிலிருந்து காவலாளி எழுந்து நின்று வணக்கம் வைத்தான். "அதெல்லாம் சும்மாங்க" என்று இவர் மறுக்க மறுக்க, எல்லோரும் தலையை ஆட்டிச் சிரித்தார்கள். மனைவிதான் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கரப்பான்பூச்சி வந்தா கட்டில்மேல ஏறி நின்னுகிட்டு என்னைக் கூப்பிடுவீங்க. உங்களுக்கு இருநூறா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. யாராவது கதவைத் தட்டினால் மனைவியைத்தான் முதலில் எட்டிப் பார்க்கச் சொன்னார். கட்டடத்துக்குப் பின்னால் இருந்த காலி மனையில் புல் இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. அந்தப் பக்கத்து ஜன்னலை அவர் திறப்பதே இல்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கதவு உடைந்துவிடும்போலத் தட்டினார்கள். திறந்தால் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பெண் தலைவிரி கோலமாக நின்றாள்.

"அண்ணா, பாம்பு! பின்ரூம்ல! பாப்பா தொட்டில்ல தூங்குது!"

எப்படிப் படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. கீழே பத்துப் பதினைந்து பேர் அந்த அறைக்கு வெளியே நெருக்கியடித்து நின்றார்கள்.

"தீயணைப்புக்குச் சொல்லியாச்சா?"

"சொன்னோம் சார்," என்றான் காவலாளி பெருமையாக. "அப்புறம் உங்க ஞாபகம் வந்துச்சு. ஆள் இருக்காரு, வர வேணாம்னுட்டோம்."

கண்ணாடிக்காரர் அங்கேயே மானத்தை விட்டார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"அய்யா, அது பொய். நான் பாம்பைத் தொட்டதே இல்ல. புத்தகம் விக்கணும்னு எழுதினது. மறுபடி போன் பண்ணுங்க, தயவுசெஞ்சு!"

"பாத்தீங்களா? புத்தகத்துல போட்டிருக்கிற மாதிரியே பேசுறாரு," என்றார் ஒரு பெரியவர் மனம் நெகிழ்ந்து.

"அவர் சொல்றது நிஜம்!" என்று பின்னாலிருந்து மனைவி கத்தினாள். கட்டினவள் பயப்படத்தானே செய்வாள் என்று நாலு பேர் அவளைப் பிடித்துச் சமாதானம் சொன்னார்கள்.

அதற்குள் உள்ளே குழந்தை சிணுங்கியது. தாய் அவர் காலில் விழப்போனாள். அந்தச் சிணுங்கலைக் கேட்டபிறகு வெளியே நிற்க அவருக்கு மனம் வரவில்லை. அழுதுகொண்டேதான் உள்ளே போனார். பாம்பு வெளியே வந்துவிடக் கூடாதென்று பின்னால் கதவைச் சாத்தினார்கள்.

அது தரை நடுவே கிடந்தது, மணிக்கட்டுத் தடிமன். அதைத் தாண்டிச் சுவரோரம் மரத்தொட்டில். குழந்தை எழுந்து உட்கார்ந்து, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பாம்பைப் பார்த்துக் கையை ஆட்டியது. அவர் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு ஓரடி வைத்தார். பாம்பு தலையைத் தூக்கியது. வாய்விட்டு அலறவேண்டும்போல் இருந்தது. இன்னும் ஓரடி வைத்தார். வியர்வை வழிந்து கண்ணாடி மூக்கில் இறங்கியது. அதை ஏற்றிவிடக்கூடக் கை எழவில்லை.

பாம்பு வளைந்து, மெல்ல ஊர்ந்து, தொட்டிலுக்கு அடியில் போனது.

எங்கிருந்து வேகம் வந்ததோ, பாய்ந்து குழந்தையை வாரிக்கொண்டு கதவுக்கு ஓடினார். கதவு ஒரு முழம் திறந்தது. தாய் குழந்தையைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "வந்துட்டா, வந்துட்டா!" என்று ஒரே ஆரவாரம். சிலர் அழுதார்கள். கண்ணாடிக்காரரும் விம்மிக்கொண்டே காலை வெளியே வைத்தார்.

யாருடைய கையோ அவர் தோளில் படிந்தது. மரியாதையாகத்தான் உள்ளே தள்ளியது.

"பாப்பா வந்தாச்சு சார். இனிமே நீங்க நிதானமா பிடிங்க."

வெளியே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அதற்கும் மேலாக, கதவை இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருந்த மனைவியின் குரல் கேட்டது.