மூன்று விரலுக்கு வரும் பணம்

...கெஞ்சக்கூடாது, அதுதான் முதல், கெஞ்சினா தர்மம் கேக்க வந்தவன் ஆயிடுவே, நீ சட்டம் கேக்க வந்தவன்யா என்று தொழிற்சங்கத்து ஆதிநாராயணன் மூன்று தரம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார், பாக்கியராஜ் காலையிலிருந்து அதையே மென்றுகொண்டிருந்தான், டோக்கன் நாற்பத்தேழு, பலகையில் சிவப்பாய் முப்பத்தெட்டு, இன்னும் ஒன்பது பேர், கும்மிடிப்பூண்டி வெயிலிலிருந்து வங்கிக்குள் வந்தவர்கள் எல்லோரும் ஏ.சி.க்கு அடியிலேயே நின்றுகொண்டிருந்தார்கள், அவன் மட்டும் ஓரத்து நாற்காலியில், வலது கையைப் பேன்ட் பையில் விட்டபடி. பழக்கமாகிவிட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருக்கிற கையைப் பார்த்ததும் மக்கள் முகத்தில் ஒன்று வரும், அது வரவேண்டாம். சட்டைப் பையில் மனுவின் நகல், இரண்டு வாரத்துக்கு முன் இங்கேயே கொடுத்து முத்திரை வாங்கியது, படித்துப் படித்து மடிப்பு கிழிந்துவிட்டது. வேலையில் அடிபட்டு ஊனமானவனுக்கு ஈ.எஸ்.ஐ. மாதாமாதம் கொடுக்கும் தொகையைக் கடனுக்காக யாரும் பிடிக்க முடியாது, கோர்ட்டே ஆனாலும் முடியாது, பி.எஃப். பணமும் அப்படித்தான், கிராஜுவிட்டியும் அப்படித்தான், நீயே எழுதிக் கொடுத்திருந்தாலும் செல்லாது... நீயே எழுதிக் கொடுத்திருந்தாலும் என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் கண் நின்றுவிடும். எழுதித்தானே கொடுத்திருந்தான்.

பக்கத்து மிஷின் ஜெரால்டின் கடனுக்கு ஜாமீன். தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் அது ஒரு வழக்கம், ஒருவன் லோன் எடுத்தால் பக்கத்து மிஷின்காரன் கையெழுத்துப் போடுவான், எவ்வளவு என்று கேட்கிறவன் ஆளே இல்லை, இவன் மகள் பூமிகாவின் நர்சிங் படிப்புக்கு ஜெரால்டு போட்டான், ஜெரால்டின் தையல் கடைக்கு இவன் போட்டான், அந்தக் கையால், அந்த விரல்களால், ஐந்து இடத்தில். எட்டு மாதம் கழித்து மிஷினில் அந்த விரல்களே போயின. மிஷினை நிறுத்தியது யார், ஜெரால்டு. டீக்கடையில் ஐஸ் வாங்கி, தன் டிபன் டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, அதில் விரல்களை வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் கூடவே ஏறியது யார்... நைனா, கண்ண மூடாத, எங்கிட்ட பேசிக்கினே வா, உன் பொண்ணு பேரு இன்னா, சொல்லு, பொண்ணு பேரு இன்னா. ஒட்டவைக்க முடியவில்லை, அது டாக்டர் குற்றமும் இல்லை, ஜெரால்டு குற்றமும் இல்லை. கடையில் சரக்கு போகவில்லை, தவணை நின்றது, பிறகு ஜெரால்டு சூலூர்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போகிறேன் என்றான், போன் அணைந்தது. ஜாமீனுக்காக வங்கியில் இவன் கணக்கைப் பிடித்துவிட்டார்கள். மூன்று மாதமாக மனைவி கங்கம்மாவின் இறால் கம்பெனிக் கூலியில்தான் அடுப்பு எரிகிறது, ஐஸில் கை வைத்து வைத்து அவள் விரலும் மரத்துப்போய், ராத்திரி சோறு பிசையும்போது, இந்த ஊட்ல ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு கைதான்யா கீது என்று சிரித்தாள். சிரித்தாளா, இல்லை, அழாமல் இருந்தாள்.

நாற்பத்தொன்று. சரி, ஈ.எஸ்.ஐ. பணம் ஏன் அந்தக் கணக்குக்கே வந்தது? இதுதான் தூங்கவிடாதது. ஈ.எஸ்.ஐ. பாரத்தை நிரப்பியது ஜெரால்டு, கட்டுப்போட்ட கையோடு இவன் கட்டிலில் கிடந்தான், பேங்க் கணக்கு எண் என்ற இடம் வந்ததும் ஜெரால்டு பாஸ்புக்கைக் கேட்கவே இல்லை, பார்க்காமல் கடகடவென்று எழுதினான். இன்னாடா, மனப்பாடமா வச்சிகினு கீற? ஜாமீன் பாரத்துல நான்தானே நைனா எழுதினேன், மறக்குமா. அப்போது பெருமையாக இருந்தது, என் கணக்கு நம்பரைத் தெரிந்து வைத்திருக்க எனக்கு ஒருத்தன். இப்போது... நினைவில் இருந்ததாலா எழுதினான், தவணை நின்றால் இதிலிருந்து போகும் என்று கணக்குப் போட்டா எழுதினான்? சே. ரத்தம் சொட்டுகிற டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன். ஆனால் இரண்டையும் ஒரே ஆள் செய்யமுடியாது என்று யார் சொன்னது?

நாற்பத்தேழு. பாக்கியராஜ் யாரு, வாங்கண்ணா, உக்காருங்க என்றாள் அதிகாரி ஜோதிலட்சுமி. அவன் நகலை எடுத்து, கெஞ்சாத குரலில், ஐயா அவர்களுக்கு என்று ஆரம்பித்தேவிட்டான். அவள் சிரித்துவிட்டாள். படிக்க வேணாம்ணா, மேல இருந்து பதில் வந்துடுச்சு, நீங்க எழுதினது கரெக்டு, ஈ.எஸ்.ஐ. பணத்த விடுவிச்சாச்சு. ஆனா உங்க பொண்ணு அனுப்பின ரெண்டாயிரம் அதுல வராது, அது சாதாப் பணம், பிடிச்சது பிடிச்சதுதான். ஜாமீனும் போயிடல, நோட்டீஸ் வந்துகினுதான் இருக்கும். தனியா ஒரு கணக்கு தொறந்து ஈ.எஸ்.ஐ. பணத்த அதுக்கு மாத்திக்கோங்க. அவ்வளவுதானா, இரண்டு வாரம் மென்றது அவ்வளவுதானா. கையெழுத்துப் பொருந்தாதேம்மா என்றான், முதல் தடவையாகக் கையை வெளியே எடுத்து. அவள் முகத்தில் அது வரவில்லை. இடது பெருவிரல் வையுங்கண்ணா, போதும்.

மைத் தட்டில் விரலை அழுத்தும்போது பையில் போன் அதிர்ந்தது. ஜெனிபர். ஜெரால்டின் மனைவி. வாரா வாரம் கூப்பிடுகிறாள், கடனுக்கு இல்லை, சின்னவள் ஏஞ்சலின் பள்ளிக்கூடத்துக்கு, அண்ணா ஒரு ஆயிரம் இருந்தா போதுண்ணா, அவரு எங்க கீறாருன்னே தெரில. மூன்று மாதமாக இவனிடம் ஒரே பதில்தான், பேங்க்காரன் புடிச்சி வச்சிட்டான்மா, நான் இன்னா பண்ணுவேன். எவ்வளவு வசதியான பதில். பொய்யும் இல்லை. அதைச் சொல்லி வைத்தபின் நெஞ்சு லேசாகும், அது ஏன் என்று அவன் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை... இனி கோர்ட்டு தொடாது, பேங்க் தொடாது, இந்தப் பணத்தை இன்னாருக்குக் கொடு என்றோ கொடுக்காதே என்றோ சொல்ல இந்த ஊரில் ஒருவரும் இல்லை. எடுங்கண்ணா, ரொம்ப நேரமா அடிக்குது என்றாள் ஜோதிலட்சுமி. மை ஒட்டிய விரலைத் தூக்கிப் பிடித்தபடி அவன் உட்கார்ந்திருந்தான், மூன்று மாதமாகப் பணத்தைப் பிடித்து வைத்திருந்தது பேங்க் மட்டும்தானா என்று தன்னையே கேட்டுக்கொண்டு.