குறைந்தது ஐந்து மாணவர்கள்

கொரோனாவால் பள்ளிகள் மூடி ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் மதிப்பெண் படிவத்துக்கு மட்டும் அந்தச் சேதி எட்டவில்லை. கரும்பலகையைப் பயன்படுத்திய விதம், பத்து மதிப்பெண். மாணவர்களிடையே நடந்து சென்று கவனித்தல், பத்து. கடைசி வரிசைக்குக் குரல் கேட்டல், பத்து.

"கடைசி வரிசை எங்க சார் இருக்கு? சமையலறையிலயா?" என்று கணிதப் பேராசிரியை முதல்வரிடம் போனில் கேட்டாள்.

"மேல இருந்து வந்த படிவம் மேடம். எப்படியாவது ஒப்பேத்துங்க."

ஒப்பேற்றினாள். நாற்பத்திரண்டு பயிற்சி மாணவிகள். ஆளுக்கு இருபது நிமிடம், வீட்டில் யார் கிடைக்கிறார்களோ அவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். துணி தேய்க்கும் மேசைமேல் மடிக்கணினியை வைத்து, ஒரு வாரமாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தியின் அக்கா பிள்ளைகள் கேள்வி முடியும் முன்பே பதிலை ஒப்பித்தார்கள். இன்னொருத்தியின் தங்கை கேமராவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து வாசித்தாள். ஒரு வரி தாவி, கேட்காத கேள்விக்கும் விடை சொன்னாள். இரண்டு தலை தெரிந்த வகுப்பிலும் 'மாணவர்கள்: ஐந்து' என்று எழுதித் தந்தார்கள். எல்லோருக்கும் எட்டு மதிப்பெண் போட்டாள். போடும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள்.

"ஒருத்தராவது தப்பா பதில் சொல்றாங்களா பாருங்க! இப்படி ஒரு வகுப்பு உலகத்துல எங்க இருக்கு?" என்று கணவரிடம் எரிந்து விழுந்தாள்.

"அதுக்கு என்னை ஏம்மா முறைக்கறே?" என்று அவர் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்.

முப்பத்தெட்டாவது மாணவி, கல்யாணமாகி ஒரு வருடம் ஆனவள். வீட்டில் குழந்தைகள் கிடையாது. திரையில் வந்து உட்கார்ந்தவர் அவளுடைய மாமனார், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார்.

பீரோக் கதவில் ஒட்டிய அட்டையில் பின்னங்களை எழுதி, மாணவி கேட்டாள்: "அரையோட மூணுல ஒரு பங்கைக் கூட்டினா எவ்வளவு?"

"அஞ்சுல ரெண்டு, டீச்சர்."

மாணவியின் முகம் வெளிறிவிட்டது. மைக்கை அணைக்க மறந்து கிசுகிசுத்தாள். "மாமா, ஆறுல அஞ்சுன்னு எழுதிக் குடுத்தேனே."

"நீ குடுத்தேம்மா. மனப்பாடமும் ஆச்சு. ஆனா எப்படின்னு புரியலையே. மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, கீழ ரெண்டும் மூணும் அஞ்சு. இதுல என்ன தப்பு?"

"கீழ இருக்கற எண்ணை முதல்ல ஒண்ணாக்கணும் மாமா."

"அதான், ஏன்?"

அந்த நேரம் பார்த்துப் படம் உறைந்துவிட்டது. பேராசிரியை மேசையை ஓங்கித் தட்டினாள். ஒரு வாரத்தில் முதல்முறையாக ஒருவர் புரியவில்லை என்கிறார், இப்போதா போய்த் தொலைய வேண்டும்! படம் திரும்பியபோது மாணவியின் கையில் பாடத்திட்டத் தாள் இல்லை.

"மாமா, டேங்க்ல பாதி டீசல் இருக்கு. மேல இன்னும் ஊத்தறோம். முள்ளு ஏறுமா, இறங்குமா?"

"ஏறும். இதென்ன கேள்வி?"

"அஞ்சுல ரெண்டுங்கறது பாதிக்கு மேலயா, கீழயா?"

அவர் ஐந்து விரல்களை விரித்து, இரண்டை மடக்கிப் பார்த்தார். "கீழ. அடடா! ஊத்த ஊத்த குறையுதுன்னா அது ஓட்டை டேங்க் இல்ல?"

அவள் ஒரு செய்தித்தாளை ஒருபக்கம் இரண்டாகவும் மறுபக்கம் மூன்றாகவும் மடித்துப் பிரித்தாள். ஆறு கட்டங்கள். பாதிக்கு மூன்று, மூன்றில் ஒரு பங்குக்கு இரண்டு. மாமனார் விரல் வைத்து எண்ணினார். "ஆறுல அஞ்சு," என்றார். இம்முறை அது மனப்பாடம் இல்லை.

பேராசிரியை ஒன்பது போட்டு அனுப்பினாள். இணையப் படிவம் ஏற்கவில்லை, சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: மாணவர் எண்ணிக்கை குறைந்தது ஐந்து. அந்த மாணவி ஒன்று என்று உண்மையை எழுதியிருந்தாள்.

"அஞ்சுன்னு போட்டுடுங்க மேடம், யாரு எண்ணப் போறாங்க?" என்றார் முதல்வர்.

"முப்பத்தேழு பேருக்குக் கண்ணை மூடிட்டுப் போட்டேன் சார். நிஜமா நடத்தின ஒருத்திக்கும் பொய் எழுத மாட்டேன்."

"அப்ப அஞ்சு பேரை வச்சு மறுபடி நடத்தச் சொல்லுங்க."

சொன்னதும் மாணவியின் குரல் உடைந்தது. "ஒரு மாமாவுக்கே எனக்கு நாக்குத் தள்ளிடுச்சு மேடம். இன்னும் நாலு பேருக்கு நான் எங்க போவேன்?"

"ரெண்டு பேர் இங்க இருக்கோம். மீதி ரெண்டை நீ பிடி."

மறுநாள் மாமனார், மாணவியின் கணவன், பக்கத்து வீட்டு அக்கா, பேராசிரியை, அவள் கணவர் என ஐந்து பேர் திரையின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். கழித்தல் பாடம். பத்தாவது நிமிடத்தில் பேராசிரியையின் கணவர் கையைத் தூக்கினார். "புரியல டீச்சர்."

"நடிக்காதீங்க," என்று பேராசிரியை கிசுகிசுத்தாள்.

"நிஜமாவே புரியலம்மா. இருபது வருஷமா உன்கிட்ட கேக்க பயம்."

இருபது நிமிட வகுப்பு நாற்பது நிமிடம் ஓடியது. படிவம் ஏற்றுக்கொண்டது.

மீதமிருந்த நான்கு மாணவிகளுக்கும் அன்றே பேராசிரியை செய்தி அனுப்பினாள்: பதில் எழுதிக் கொடுக்காதீர்கள், வருகிறவர்கள் தப்பாகச் சொன்னால் பரவாயில்லை, அங்கிருந்துதான் பாடமே தொடங்கும்.

ஐந்து நிமிடத்தில் ஒருத்தியிடமிருந்து பதில் வந்தது. "சரி மேடம். அந்தத் தப்பான பதிலை நாங்களே எழுதிக் குடுத்துடலாமா?"