பொபினியில் இல்லாத ஸ்டேசன்

பாரிசின் லாச்சப்பலில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் சுகந்தன், தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாத ஆள். பெட்டியின் மேல்தட்டில் இருக்கும் முருங்கைக்காயை அவன் திரும்பியும் பார்ப்பதில்லை. அடித்தட்டுக்குள் கையை விட்டு ஒன்றை உருவி, முறித்துப் பார்த்த பிறகுதான் விலை கேட்பான். தன் வாயிலிருந்து போகும் சொல்லைத்தான் அவன் ஒருநாளும் முறித்துப் பார்த்ததில்லை. அந்த வினைதான் ஐப்பசி மாதத் திங்கட்கிழமை ஒன்றில், கடை பூட்டும் நாளில், ஐந்து மணிநேரம் வான் ஓட்ட வைத்து அவனைக் கிழக்கு பிரான்சின் வோஜ் மலைக்காட்டின் அடிவாரத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் லாசர். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு ரயில்வேயில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு பிடி கறிவேப்பிலை வாங்கக் கடைக்கு வந்து இரண்டு மணிநேரம் பேசிவிட்டுப் போகும் சிநேகிதர். மற்றவள் நிருபா. போன மாசியில் நெஞ்சுவலி வந்து இறந்துபோன யதுர்சனின் மனைவி.

யதுர்சன் வன்னியிலிருந்து வந்த புதிதில் அவனுடைய அகதிக் கேஸ் தள்ளுபடியானது. அதோடு ஆள் இரண்டு வருடம் காணாமல் போனான். ஊரில் இருந்த நிருபாவுக்கு ஒரு போன்கூட இல்லை. திரும்பி வந்தவன் சுகந்தனின் கடையில் நின்று கதை சொன்னான். எங்கோ மலைக்காட்டில் மரம் வெட்டுகிறவர்களின் இயந்திரங்களுக்குக் காவல் இருந்தானாம். போன் வேலை செய்யாதாம். அந்தக் காட்டுக்குள் பழைய ரயில்பாதை ஒன்று கிடக்கிறதாம்.

"காட்டுக்குள்ள றெயிலோ?" என்றான் சுகந்தன், வெங்காய மூட்டையைப் பிரித்தபடி. "அப்ப அதின்ர ஸ்டேசன் பொபினியிலதான் இருக்கும். ஸ்டேசன் மாஸ்டர் பொம்பிளையோ?"

கடை முழுக்கச் சிரித்தது. பொபினி பாரிசை ஒட்டிய புறநகர், அங்கே காடும் இல்லை, மலையும் இல்லை. யதுர்சன் மிச்சக் கதையைச் சொல்லாமல் கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு போனான்.

பகிடி அவன் பின்னாலேயே போனது. ஆறு மாதத்தில் அதற்குக் கை கால் முளைத்துவிட்டது. பொபினியில் ஒரு பெண், அவளுக்கு மூன்றாம் மாடியில் வீடு, வீட்டில் யதுர்சனின் மூக்கோடு ஒரு பிள்ளை. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யாது என்பதுவரை ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. யதுர்சன் அதற்குப் பிறகு அடுத்த மெட்ரோ நிலையமான ஸ்டாலின்கிராட் பக்கம் மரக்கறி வாங்கினான். சாகும்வரை சுகந்தனின் கடைப்படி மிதிக்கவில்லை.

பின்னாளில் பாரிசுக்கு வந்து சேர்ந்த நிருபாவின் காதுக்கு அந்தக் கதை செத்தவீட்டில்தான் எட்டியது. எட்டு மாதம் கழித்து அவள் கடைக்கு வந்தாள். எதையும் வாங்கவில்லை.

"அண்ணை, அந்தக் காடு இருக்கோ எண்டு பாக்கவேணும். கடைசி பஸ் நிக்கிற ஊரின்ர பேரை அவர் எனக்குச் சொன்னவர். கோயிலுக்குப் பின்னால ஆறு, ஆத்தோட மேல போகவேணுமாம். உங்களிட்ட வான் இருக்கு."

கறிவேப்பிலை கிள்ளிக்கொண்டிருந்த லாசர் அந்த ஊர்ப்பெயரைக் குறித்துக்கொண்டார். மறுவாரம் பழைய வரைபடம் ஒன்றோடு வந்தார். அதில் ஆற்றோரமாக ஒரு புள்ளிக்கோடு மலையேறிக்கொண்டிருந்தது. சுகந்தனால் மறுக்க முடியவில்லை.

இப்போது அந்தப் புள்ளிக்கோட்டில்தான் மூவரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். யதுர்சன் கோயில் என்று சொன்ன தேவாலயம் இருந்தது. ஆறும் இருந்தது. ஊசியிலை மரங்களுக்குக் கீழே ஈரம் நசநசத்தது. ஒரு மணிநேரம் நடந்தபின் லாசர் ஊன்றுகோலால் பாசியைக் கிளறினார். டங்கென்று இரும்பு பேசியது.

"வுவாலா! பாருங்க. சின்ன அகலப் பாதை. வெட்டுன மரத்தக் குட்டி வேகன்ல ஏத்தி எறக்குவாங்க. கீழ எறங்குறப்போ எஞ்சின் கெடையாது, மரத்து மேலயே ஒருத்தன் பிரேக்கப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பான். லாரி வந்துச்சு, எல்லாத்தையும் அப்பிடியே போட்டுட்டுப் போய்ட்டாங்க."

"அப்ப இருக்குது," என்றான் சுகந்தன்.

நிருபா குனிந்து தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இது புத்தகத்திலயும் இருக்கும், அண்ணை. ஆர் வேணுமெண்டாலும் வாசிச்சிட்டுச் சொல்லலாம். எனக்கு ஒரு அடையாளம் சொன்னவர். அதைக் கண்டாச் சொல்லுறன்."

"என்ன அடையாளம்?"

"கண்டாச் சொல்லுறன்."

நல்ல வியாபாரி தன் கடைசி விலையை முதலில் சொல்வதில்லை. சுகந்தன் அவளுக்குப் பின்னால் நடந்தான்.

பாதை அவர்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டியது. மக்கிப்போன சிலிப்பர் கட்டைகள். ஓடையைக் கடக்கும் சின்னக் கல்பாலம். அச்சோடு கவிழ்ந்து கிடந்த இரண்டு சக்கரங்கள், அவற்றின் நடுவே கை தடிமனில் ஒரு மரக்கன்று. ஒவ்வொன்றையும் கண்டதும் நிருபா நின்றாள், சுற்றிப் பார்த்தாள், இல்லையென்று தலையாட்டிவிட்டு மேலே நடந்தாள். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் அவளுடைய முகம் கொஞ்சம் இறுகியது. அவள் தேடுவது ரயிலை அல்ல என்பது சுகந்தனுக்கு விளங்கியது. பதில் வராத இரண்டு வருடத்தைத் தேடுகிறாள். அது இந்தக் காட்டில் இல்லையென்றால், பொபினியில் மூன்றாம் மாடியில் இருக்கிறது.

அவனுக்குள் இன்னொரு கணக்கும் ஓடியது. அந்த அடையாளம் கிடைக்காவிட்டால் அவனுடைய பகிடி வெறும் பகிடிதான். யாரையும் கொன்றதாகாது. கிடைத்துவிட்டால்?

மூன்றரை மணிக்கு லாசர் ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "நான் ஃபினி, இதுக்கு மேல முடியாது. இருட்டுறதுக்குள்ள கீழ எறங்கணும்பா."

"ஓம், திரும்புவம்," என்றான் சுகந்தன், கொஞ்சம் அவசரமாக. நிருபா பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்குமுன் சிறுநீர் கழிக்கச் சுகந்தன் சரிவில் ஏறி, புதருக்குப் பின்னால் போனான். வேலையை முடித்து நிமிர்ந்தவன், நிமிர்ந்தபடியே நின்றான்.

வழுவழுத்த பட்டையுள்ள பெரிய மரம் ஒன்றின் தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு தொங்கியது. கட்டியிருந்த கம்பியைக் கிளை பாதி விழுங்கியிருந்தது. மரக்கவட்டில் துருப்பிடித்த பெரிய ஆணி ஒன்று, அடிப்பதற்குத் தோதாக, செருகியிருந்தது.

இதைப் பிரெஞ்சுக்காரன் கட்டவில்லை. வன்னியில், கிளிநொச்சிப் பக்கம் சுகந்தன் படித்த பள்ளிக்கூடத்தில் இதுதான் மணி. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் இதுதான். முதல்பாடத்துக்கு ஒருதரம், சாப்பாட்டுக்கு இரண்டுதரம், வீடு விடும்போது நிறுத்தாமல்.

கீழே இருவரும் பைகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். புதர் மறைத்தது. அவன் ஒருவனைத் தவிர யாரும் இதைப் பார்க்கவில்லை. பேசாமல் இறங்கிப் போனால் இந்தக் கிளை மீதிக் கம்பியையும் விழுங்கிவிடும், கதை முடிந்துவிடும். எத்தனையோ அழுகல் பெட்டிகளை முகம் மாறாமல் விற்றவனுக்கு இந்த ஒரு முகத்தைக் கொண்டு கீழே இறங்குவதா பெரிய வேலை?

இறங்கினால் அவளும் இறங்குவாள், பொபினிக்கு.

சுகந்தன் ஆணியை உருவி ஓங்கி அடித்தான். இரண்டுதரம்.

ஓசை சரிவெங்கும் பரவிப் போய்த் திரும்பி வந்தது. நிருபா புதரைக் கையால் பிரித்துக்கொண்டு, வழுக்கி, முழங்கையால் ஊன்றி மேலே வந்தாள். தொங்கும் இரும்பைக் கண்டதும் கிட்டப் போகாமல் நின்றாள்.

"பின்னேரம் இதை அடிச்சுப்போட்டுத்தான் சாப்பிடுறவராம்," என்றாள். "ஒருத்தரும் இல்லாத காட்டில மணி அடிச்சா, தனியச் சாப்பிடுறமாதிரி இருக்காதாம். இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, அண்ணை."

பிறகு இரண்டு கையாலும் அந்த இரும்பைப் பிடித்து நெற்றியை அதில் வைத்தாள். ஆட்டம் நின்றது. ஓசையும் நின்றது.

ஆணியைக் கவட்டில் திரும்பச் செருகிவிட்டுச் சுகந்தன் சொன்னான், "நிருபா, அந்தப் பொபினிக் கதை என்ர வாயிலயிருந்துதான் வந்தது."

"தெரியும். அதுக்குத்தானே உங்கட வானைக் கேட்டனான். பாரிசில வாடகைக்கு வான் இல்லையோ?"

நொண்டியபடி வந்து சேர்ந்த லாசர் கைபேசியை எடுத்து உயர்த்தினார். நிருபா அதைக் கையால் மறைத்தாள்.

"வேண்டாம், அங்கிள்."

"ஏம்மா? அத்தாட்சி இல்லாம எவன் நம்புவான்? சரி, நானாவது சாட்சி சொல்றேன்."

"நீங்களும் வேண்டாம். அவருக்குச் சாட்சி இருந்ததோ?" அவள் சுகந்தனைப் பார்த்தாள். "வாயால போனது. வாயாலயே திரும்பி வரட்டும். அதே கடையில."

மறுநாள் காலை கடை திறந்து கொஞ்ச நேரத்தில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். லாசர் கறிவேப்பிலைப் பெட்டியின் பக்கத்தில் நின்று, தலை நிமிராமல் கிள்ளிக்கொண்டிருந்தார். சுகந்தன் தராசில் கையை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். காட்டை, ஆற்றை, தண்டவாளத்தை, மணியை. பொபினியில் ஒருத்தியும் இல்லை, அதைக் கட்டிவிட்டது தான்தான் என்பதையும் சொன்னான்.

பூசணிக்கீற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த சாரதாதேவி அக்கா, லிஃப்ட் வேலை செய்யாது என்று முதலில் சொன்னவர், நிமிர்ந்தார்.

"போட்டோ எங்கை?"

"எடுக்கேல்லை, அக்கா."

"காட்டுக்குள்ள றெயில், றெயில்ல பள்ளிக்கூட மணி!" அக்கா மற்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "ஏன் சுகந்தன், நீரும் பொபினிக்கோ போய் வந்தனீர்?"

கடை முழுக்கச் சிரித்தது. லாசர் மட்டும் சிரிக்கவில்லை. சுகந்தனுக்குக் காது சுட்டது. இந்தச் சிரிப்பு வெளியே நிற்பவனுக்கு எப்படிக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தான். அடுத்த வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

"கடைசி பஸ் நிக்கிற ஊர். கோயிலுக்குப் பின்னால ஆறு…"