ஞாயிறு இரவு மூன்று பத்து

மத்தியானம் ஒரு மணிக்கு மாணவர்கள் போனதும் சித்ரலேகா தொலைபேசியிலிருந்து ஒயரைப் பிடுங்கி, இணையத்துக்கான மோடத்தில் செருகுவாள். அது கொஞ்ச நேரம் கீச்சிட்டுவிட்டு அடங்கும். அன்றைய மின்னஞ்சல் கடிதங்கள் வந்து சேர்ந்ததும் அவற்றைப் படித்து, பதில் எழுதி அனுப்புவாள். அதற்குள் சாப்பாட்டு டப்பாவில் சாதம் விறைத்துப் போயிருக்கும்.

"ஏட்டி, முதல்ல சாப்பிடு. ஊருல உள்ளவன் கம்ப்யூட்டருக்கெல்லாம் வைத்தியம் பாத்துட்டு நீ வயித்துப்புண்ணோட வீட்டுக்குப் போ" என்பாள் கிரேஸ். வண்ணார்பேட்டையில் அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுப்பவர்கள் அவர்கள் இருவர்தான்.

கிரேஸ் சொல்வதிலும் தப்பில்லை. இணையப் பக்கங்களை இயக்குகிற ஸ்கிரிப்ட் என்னும் நிரல்களை எழுதுகிறவர்கள் பல நாடுகளிலிருந்தும் சந்தேகம் கேட்கிற மின்னஞ்சல் குழு அது. கேட்கிறவர்கள் மாறினார்களே தவிர, கேள்விகள் மாறவில்லை. என் வீட்டில் ஓடுகிற ஸ்கிரிப்ட் சர்வரில் ஏன் ஓடவில்லை? ஏன் வெறும் ஐந்நூறு என்று பிழை காட்டுகிறது? சித்ரலேகா ஒரு வருடமாக அதே பதில்களை எழுதிக்கொண்டிருந்தாள். கோப்பை அனுப்பும்போது டெக்ஸ்ட் என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். தலைப்பு வரிக்குப் பிறகு ஒரு வெற்று வரி விடுங்கள். கம்ப்யூட்டர் மாதத்தைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஜனவரி பூஜ்யம், மார்ச் இரண்டு. எழுதி எழுதிக் கை தானாகவே எழுதியது. அலுப்பாக இருந்தாலும் விடவில்லை. இங்கே பிழை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும். வீட்டில் அப்படி இல்லை.

வீட்டில் மூன்று வாரமாக அப்பா ஆற்றுக்குப் போகவில்லை.

சேரன்மகாதேவியில் அவர்கள் தெருவிலிருந்து ஆறு பத்து நிமிட நடை. அப்பா தில்லைநாயகம் பிள்ளை சார்பதிவாளராக ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள்கூட அந்தக் குளியலைத் தவற விட்டதில்லை. இப்போது கொல்லையில் பம்பை அடித்து இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார். படித்துறையில் நாலு பேர் மகள் கல்யாணம் என்னாச்சு என்று விசாரிப்பார்களே, அதற்குப் பயந்துதான்.

சித்ரலேகாவுக்கு ஏரலில் ஒரு வரன் வந்தது. பெயர் நடராஜ், பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறவர். ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, தாம்பூலம் மாற்ற நாள் குறிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. பெண் பார்க்க வந்த அன்று அவர் கேட்டது ஒரே கேள்விதான். "பையன்கள் ரொம்பத் தப்புப் பண்ணினா கோவம் வருமா?"

"கோவம் வராது. அலுப்பு வரும்" என்றாள் சித்ரலேகா. அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். அவருடைய அம்மா பிரம்மநாயகி மகனைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது வயதில், பதினோராவது முறையாக ஒருவர் முன்னால் வந்து உட்கார்ந்திருந்த சித்ரலேகாவுக்கு அந்தச் சிரிப்பு இரண்டு நாள் காதில் இருந்தது.

பிறகு பிரம்மநாயகி, எதற்கும் இருக்கட்டும் என்று திருநெல்வேலியில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் கம்ப்யூட்டரிலும் ஒரு தடவை பொருத்தம் பார்த்தாள். அன்று சாயங்காலமே தரகர் பலவேசம் போன் செய்தார்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்காதிய. நீங்க மகம்னு எழுதிக் குடுத்திருக்கிய. கம்ப்யூட்டர்ல போட்டா ஆயில்யம்னு வருதாம். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாதுன்னு அந்த அம்மா பயந்துட்டாவ. நட்சத்திரத்தை மாத்தி எழுதிட்டாவளோன்னு கேக்காவ..."

தில்லைநாயகம் ரிசீவரைப் பைய வைத்தார். முப்பத்தைந்து வருடம் பிறர் கொண்டுவந்த பத்திரங்களில் அடித்தல், திருத்தல் இருக்கிறதா என்று பார்த்தே கண்ணாடியின் பவர் கூடியவர். "நான் திருத்தினேன்னு சொல்லுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். ஏரலார் வருகிற வெள்ளிக்கிழமை களக்காட்டில் வேறு பெண் பார்க்கப் போவதாகப் பிறகு தகவல் வந்தது.

இந்தப் புதன்கிழமை குழுவில் வந்த கடிதங்களில் ஒன்று நீளமாக இருந்தது. நூர் என்று கையெழுத்திட்டிருந்த ஒருவர் பத்து நாளாகத் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி. பிறந்த தேதி, நேரம், ஊர் கொடுத்தால் அப்போது சந்திரன் எந்த நட்சத்திரத்தில் இருந்தது என்று கணக்கிடுகிற ஸ்கிரிப்ட். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குச் சரியாக வருகிறது, சிலருக்கு மட்டும் ஒரு நட்சத்திரம் பின்னால் போகிறது. ஜெர்மனியிலிருந்து ஒருவர் நேர வித்தியாசத்தைப் பார்க்கச் சொன்னார். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பதால் அதிகாலைப் பிறப்புகள் முந்தின தேதிக்குப் போய்விடும் என்றார். நூர் பார்த்தார். அது சரியாகவே இருந்தது. சித்ரலேகாவும் வழக்கம்போல மாதம் பூஜ்யத்திலிருந்து என்று ஒரு வரி எழுதியிருந்தாள். அதுவும் சரியாக இருந்தது. நட்சத்திரத்தை நம்புகிறவருக்கு ஸ்கிரிப்ட் எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று ஒருவர் கேலி செய்திருந்தார்.

இந்த முறை நூர் தப்பாக வருகிற நான்கு பிறப்புகளை, பெயர் இல்லாமல், எழுதியிருந்தார். முதல் வரியிலேயே அவள் கண் நின்றுவிட்டது.

2-3-1969. அதிகாலை 3.10. சேரன்மகாதேவி. வரவேண்டியது மகம். வருவது ஆயில்யம்.

சித்ரலேகா கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். கடிதத்தின் அடியில் நூர் தன் தொலைபேசி எண்ணைப் போட்டிருந்தார். திருநெல்வேலியின் 0462-ல் ஆரம்பித்தது. பத்து நாளாக எங்கோ இருக்கிற ஆளென்று நினைத்திருந்தாள். இதே ஊர்.

உடனே கூப்பிட்டு என்ன சொல்வது? உங்கள் கம்ப்யூட்டர் பொய் சொல்கிறது என்றா? காரணம் தெரியாமல் அப்படிச் சொல்கிறவர்களைத்தான் அவள் ஒரு வருடமாகப் பார்த்து அலுத்திருந்தாள். நான்கு வரிகளையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டாள். 3.10, 1.40, 4.25, 12.50. நான்கும் விடிவதற்கு முன்னால்.

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவியதும் அடுக்களையில் அம்மாவிடம் போனாள்.

"அம்மா, நான் எப்போ பிறந்தேன்?"

"இதென்ன புதுசா? ஞாயித்துக்கிழமை ராத்திரி, மூணு பத்து."

"ஞாயித்துக்கிழமை என்னென்ன செஞ்சே? வரிசையாச் சொல்லு."

அம்மா கத்தியையும் புடலங்காயையும் கீழே வைத்தாள். "மத்தியானம் உங்கப்பா கூட்டாளி ரெண்டு பேருக்கு நான்தான் சமைச்சுப் போட்டேன், நிறைமாசம்னுகூடப் பாக்காம. பொழுது சாய விளக்கு ஏத்துனேன். எட்டு மணிக்கு வலி எடுத்துச்சு. அப்புறம் நீ என்னைப் படுத்துன பாடு! மூணு பத்துக்குத்தான் வந்தே."

சித்ரலேகா சுவரில் சாய்ந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைத்து, எட்டு மணிக்கு வலி எடுத்து, அதற்கும் ஏழு மணி நேரம் கழித்து வந்த மூன்று பத்து. கடிகாரப்படி நடுஇரவிலேயே திங்கட்கிழமை வந்துவிட்டது. தேதி மூன்று. ஆனால் இந்த வீட்டில் சூரியன் உதித்தால்தான் மறுநாள்; அதுவரை ஞாயிறு இரவுதான். அப்பா ஜாதகக் குறிப்பிலும் பள்ளிக்கூடத்திலும் இரண்டாம் தேதி என்றே எழுதினார். கம்ப்யூட்டர் அந்த இரண்டாம் தேதியின் மூன்று பத்தை, அதாவது ஞாயிறு விடிவதற்கு முந்தைய மூன்று பத்தை எடுத்துக்கொண்டது. அம்மா விருந்து சமைப்பதற்கும் முன்னால். முழுதாக ஒரு நாள் முந்தி. சந்திரன் அப்போது ஆயில்யத்தில்தான் இருந்திருக்கும்.

முன்னறையில் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அப்பாவிடம் தாளைக் காட்டி இதை விளக்கினாள். அவர் இரண்டு முறை கேட்டார்.

"சூரியன் உதிக்காம எப்படிட்டி தேதி மாறும்?"

"கம்ப்யூட்டருக்கு மாறும்ப்பா. நடுராத்திரியே மாறிரும்."

"அப்போ தப்பு என் பேருலயா?" கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "எத்தனை பேர் பத்திரத்தை, தேதி சரியில்லைன்னு திருப்பி அனுப்பியிருக்கேன்."

"நீங்களும் திருத்தலை, அதுவும் பொய் சொல்லலை. ரெண்டு பேரும் வேற வேற நாளைச் சொல்லியிருக்கிய, அவ்வளவுதான்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் மோடத்தைத் தொடவில்லை. எண்ணைச் சுழற்றினாள்.

"நூருங்களா? ஸ்கிரிப்ட் குழுவுல நட்சத்திரக் கேள்வி கேட்டது நீங்கதானே? நான் சித்ரா."

"பதில் எழுதுத சித்ராவா? வெளிநாட்டுலல்லா இருக்கியன்னு நினைச்சேன்! அமெரிக்காவுலேர்ந்தா பேசுதிய?"

"வண்ணார்பேட்டையிலேர்ந்து."

"நான் இந்தா இருக்க மேலப்பாளையம்" என்றார் நூர் சின்னக் குரலில்.

அவள் காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவர் புரிந்துகொண்டார். "யா அல்லாஹ்! எங்களுக்குப் பொழுது அடைஞ்சாலே மறுநாள் வந்துரும். உங்களுக்கு விடிஞ்சாத்தானா? கம்ப்யூட்டருக்கு நடுச்சாமம். மூணு பேருக்கும் நடுவுல கிடந்து பத்து நாளா முழிக்கேன். நாள் எப்போ ஆரம்பிக்குன்னு ஒருத்தர்கிட்டயும் கேக்கணும்னு தோணலை பாருங்க."

"பன்னெண்டு மணிக்கு மேல ஆறு மணிக்குள்ள பிறந்தவங்ககிட்ட மட்டும், அது எந்த ராத்திரின்னு கூட ஒரு கேள்வி வச்சிருங்க. போதும்."

"இன்னைக்கே மாத்திருதேன். ஸ்கிரிப்ட் வாங்கின கல்யாணத் தகவல் மையத்துக்குப் புதுசா அச்செடுத்தும் குடுத்துருதேன். இந்த மூணு பத்து கேஸை முடிக்காட்டி அந்த சார் என்னை விடமாட்டாரு."

"எந்த சார்?"

"ஏரல்காரரு, நடராஜ்னு. மையத்துல பிழையே இல்லைன்னு சொல்லிட்டாங்க. அவருதான் ஸ்கிரிப்ட் எழுதினது யாருன்னு விசாரிச்சு என்கிட்ட வந்துட்டாரு. நாலு தடவை வந்துட்டாரு அக்கா. 'அந்தப் பொண்ணு வீட்டுல பொய் சொல்லுதவங்க இல்லை, உங்க பக்கம்தான் எங்கயோ தப்பு, திரும்பப் பாருங்க'ன்னு உக்காந்துக்கிடுவாரு. அந்தப் பொண்ணு வேலை பாக்குத எடத்துக்கும் மத்தியானம் போன் போட்டுப் பாத்தாராம். எப்பவும் எங்கேஜாம்."

சித்ரலேகா மேசைமேல் கிடந்த மோடத்தைப் பார்த்தாள். தினமும் மத்தியானம் லைனைப் பிடித்து வைத்திருந்தது அதுதான்.

"அக்கா, லைன்ல இருக்கியளா?"

"இருக்கேன். அந்த மூணு பத்து நான்தான்" என்று சொல்லிவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க நிற்காமல் வைத்துவிட்டாள்.

அன்று இருட்டுவதற்குள் பலவேசம் போன் செய்தார். புதுத் தாளில் மகம் என்றே வந்திருக்கிறதாம். பிரம்மநாயகி அம்மாள் ரொம்பவும் சங்கடப்படுகிறாளாம். நேரில் வந்து சொல்ல வேண்டும் என்கிறாளாம். தில்லைநாயகம் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டார். "என் மககிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன் வே" என்று வைத்தார்.

"என்ன சொல்லுதே?" என்றார் அவளிடம்.

"அலுப்பா இருக்குப்பா. நாளைக்குச் சொல்லட்டுமா?"

"பைய சொல்லு. அவசரம் இல்லை."

காலையில் அவள் எழுந்தபோது கொடியில் அப்பாவின் துண்டைக் காணவில்லை. வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது எதிரே ஈர வேட்டியோடு வந்துகொண்டிருந்தார். "தண்ணி நிறையப் போகுது" என்றார், அவள் ஏதோ கேட்டது போல.

அன்று வெள்ளிக்கிழமை. ஒரு மணிக்கு மாணவர்கள் போனார்கள். சித்ரலேகா ஒயரை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு டப்பாவைத் திறந்தாள். கிரேஸ் அவளையும் தொலைபேசியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னைக்கு வைத்தியருக்கு லீவா?"

"லீவு" என்று ஒரு வாய் எடுப்பதற்குள் மணி அடித்தது.

"கிடைச்சிருச்சு!" என்றது குரல். பிறகு நிதானித்துக்கொண்டு, "நான் நடராஜ். மூணு வாரமா போன் போடுதேன்" என்றது.

"களக்காட்டுக்குப் போகலையா?"

"நான் வரலைன்னு முதல்லயே சொல்லிட்டேன். உங்க அப்பாகிட்ட நேர்ல வந்து மன்னிப்புக் கேக்கணும். அதுக்கு முன்னால உங்ககிட்ட கேக்கணும்னு தோணுச்சு. கோவமா இருக்கியளா?"

சித்ரலேகா யோசித்துப் பார்த்தாள். கோபம் இல்லை. மூன்று வார அலுப்பு தோளில் அப்படியே இருந்தது. அதற்கடியில் நல்ல பசி.

"பத்து நிமிசம் கழிச்சுக் கூப்பிடுதியளா? இன்னும் சாப்பிடலை."

"கூப்பிட்டா லைன் கிடைக்குமா?"

"கிடைக்கும்" என்றாள் சித்ரலேகா.